நாலு தடவை மாற்றிய கண்ணாடி

பிப்ரவரி 4

என் அருமை மருமகளுக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமா வச்சிருக்காருன்னு நம்பி அத்தை எழுதுறேன். போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நான் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரி அத்தை, அப்புறம் பேசலாம்"னு நீ வச்சிடுறே. கடிதத்தை அப்படி வைக்க முடியாதுல்ல? நின்னுக்கிட்டுப் படிக்காதே, உட்காரு.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துல உனக்காக முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் மகன் போய் மூணு வருஷம் ஆச்சு. இந்தப் பொண்ணுக்கு முப்பத்தொரு வயசு. யாருக்குக் காது கேக்குது, யாருக்குக் கேக்கலைன்னு சோதிச்சுச் சோதிச்சே இது கிழவி ஆயிடும். ஒரு நல்ல மனுஷனைக் காட்டும்"னு அழுதேன். மறுநாள் மத்தியானம் என்ன ஆச்சு தெரியுமா? ஆலங்கட்டி மழை! ஒவ்வொண்ணும் கோலிக்குண்டு அளவு. சர்ச்சுல ஏழு கண்ணாடி போச்சு, நம்ம முன்னறையில ஒண்ணு போச்சு.

திங்கக்கிழமை போதகர் ஒரு கண்ணாடிக்காரரை வரவழைச்சாரு. சர்ச்சு வேலை முடிஞ்சதும் அப்படியே நம்ம வீட்டு ஜன்னலையும் பாக்க வந்தாரு. அளவெடுத்துக்கிட்டே, "வீட்ல வேற யாரும்மா?"ன்னாரு. "மருமக மட்டும்தான். வெளியூர்ல வேலை"ன்னேன். எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன். மனுஷன் அளவு நாடாவை அப்படியே கீழ விட்டுட்டாரு. அவரோட அண்ணன் மகன் அதே ஊர்லதான் இருக்காராம்! பல் செட் செய்யுற வேலை. முப்பத்துநாலு வயசு. இன்னும் கல்யாணம் ஆகலை!

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. நான் ஜெபிச்ச மறுநாளே மழை. இத்தனை கண்ணாடிக்காரங்க இருக்க இவரு வந்தது. அது போதாதுன்னு, அவரு போன பிறகு கண்ணை மூடிக்கிட்டு வேதத்தைத் திறந்து விரலை வச்சேன். ஒரு கட்டடத்தோட அளவு வந்தது. இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம்னு. முதல்ல ஒண்ணும் புரியலை. அடுப்பைப் பத்த வைக்கும்போதுதான் உறைச்சது: அளவு! அளவெடுக்க வந்தவரு மூலமா வருதுன்னு அர்த்தம்!

ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்குறவன் பொண்டாட்டியைப் பட்டினி போடுவானா? நீயே சொல்லு. உடனே பதில் எழுது.

அவசரத்துல இருக்கும்,
அத்தை

---

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். மதிய இடைவேளையில், சத்தம் புகாத எங்கள் சோதனை அறையில். நல்லவேளை, நான் "ஐயோ அத்தை!" என்று கத்தியது வெளியே கேட்கவில்லை.

எனக்கு வேண்டாம். பல் செட்டும் வேண்டாம், பல் செட் செய்கிறவரும் வேண்டாம்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சோதனைக்கு வருகிறவர்களை அந்த அறையில் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டிவிட்டு, நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பேன். மெல்லிய ஒலியாக ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சிலர் நான் ஒலியே அனுப்பாதபோதும் தூக்குவார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஆசை அதிகமானால் வெறும் காதிலும் மணி அடிக்கும். நீங்கள் அடுப்புப் பற்றவைக்கும்போது கண்டுபிடித்த அந்த அளவு விஷயத்தைப் படித்ததும் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகனுக்குக் காய்ச்சல் வந்த அந்த ஐந்து நாளை மறந்துவிட்டீர்களா? மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு வெள்ளைப் புறா வந்து உட்கார்ந்தது. ஜெபக்கூட்டத்து அக்காமார் எல்லாரும் "இதுதான் அடையாளம், காய்ச்சல் இறங்கிடும்" என்று கைதட்டிப் பாடினார்கள். நானும் பாடினேன். ஐந்தாம் நாள் என்ன ஆனது? அதிலிருந்து நான் கடவுளிடம் எதையும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், கடைசி பெஞ்சில் உட்காருகிறேன், வருகிறேன். கடவுளுக்கும் எனக்கும் அவ்வளவுதான் பேச்சு.

இன்னொன்று. நான் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? என்னோடு வந்து இருங்கள் என்றால் "திரைச்சீலைக் கடையை யார் பாக்குறது" என்கிறீர்கள். மூன்று வருடமாக முன்னறையில் அந்த இருட்டுத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரார் வீட்டுக்கெல்லாம் பூப்போட்ட திரை தைக்கிறீர்கள். முதலில் உங்களைப் பாருங்கள்.

அன்புடன்,
மருமகள்

---

பிப்ரவரி 19

அன்பு மருமகளுக்கு,

புறாவைப் பத்தி எழுதியிருந்தே. அந்தப் பக்கத்தை மடிச்சு வச்சுட்டேன். அதைப் பத்தி இப்ப பேச வேண்டாம்.

விஷயத்துக்கு வர்றேன். கண்ணாடிக்காரரு மறுபடியும் வந்தாரு! முதல்ல போட்ட கண்ணாடி ஒரு நூல் இறுக்கமா இருக்காம். வெயில்ல விரிஞ்சு உடைஞ்சிடும்னு அவரே கழட்டிட்டு வேற போட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் வந்து பாத்து, "இதுல ஒரு குமிழி இருக்கும்மா, மனசு கேக்கலை"ன்னு அதையும் கழட்டிட்டாரு. நான் மூக்குக்கண்ணாடி போட்டுத் தேடினேன், எனக்குக் குமிழி தெரியலை. எவ்வளவு நேர்மை பாரு. சித்தப்பாவே இப்படின்னா வளர்ந்த பிள்ளை எப்படி இருக்கும்!

ரெண்டு மணி நேரம் இருந்தாரு. அண்ணன் மகனைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசினாரு. மத்த நேரமெல்லாம் திரைச்சீலைக்கு மடிப்பு எப்படி வைக்கிறதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பெரிய துணி ஒண்ணு வெட்ட வேண்டியிருந்தது, மறுமுனையைப் புடிச்சுக்கிட்டாரு. கை கொஞ்சம் கூட ஆடலை. முப்பது வருஷமா கண்ணாடி தூக்குற கை. மனைவி தவறி எட்டு வருஷம் ஆகுதாம். அது நமக்கு எதுக்கு, சும்மா சொல்றேன்.

நான் நேரடியாவே கேட்டேன். "எப்படிப்பட்ட பொண்ணா எதிர்பாக்குறீங்க?" அவரு துணியையே பாத்துக்கிட்டு, "மனசுல பட்டதை நேரா பேசணும். சிரிக்கணும். வயசெல்லாம் ஒரு விஷயமே இல்லீங்க"ன்னாரு. அப்படியே உன்னை வரைஞ்சு வச்ச மாதிரி இல்ல? நீ மூணு வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு சிரிப்பே!

இன்னொரு அதிசயம். போன வாரம் எங்க பாடகர் குழுவுல சேர்ந்துட்டாரு. எட்டு வருஷமா சர்ச்சுப் பக்கமே வராத மனுஷன், ஜன்னல் போட வந்தவரு, இப்ப அடிக்குரல் பாடுறாரு. உன் ஒருத்தி காரியத்துக்காகக் கர்த்தர் எத்தனை பேரை நடக்க விடுறாரு பாத்தியா?

உன் கிளினிக் விலாசத்தை அவருகிட்ட குடுத்திருக்கேன். முகத்தைத் தூக்கி வச்சுக்காதே.

அத்தை

---

பிப்ரவரி 26

மருமகளே,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியலை. மூணாவது கண்ணாடியும் சரியில்லையாம்! வெளிச்சம் லேசா பச்சையா விழுதுன்னு அதையும் கழட்டிட்டாரு. நாலாவது வெட்டிக்கிட்டு வர்றேன்னு போயிருக்காரு. தேநீர் நல்லா இருந்ததுன்னு ரெண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடிச்சாரு. பிள்ளை வீட்டார் இப்படி உரிமையா கேட்டுக் குடிச்சா காரியம் முடிஞ்ச மாதிரின்னு எங்கம்மா சொல்லும்.

முன்னறைக்கு மஞ்சள்ல புதுத் திரை தச்சுட்டேன். பிள்ளை வந்து பாக்கும்போது வீடு இருட்டா இருக்கக் கூடாதுல்ல? பழைய துணியைக் கழட்டும்போது கொஞ்சம் அழுதேன். அப்புறம் வெயில் உள்ள வந்து நாற்காலி மேல விழுந்துச்சு. அங்க அவ்வளவு தூசி இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. துடைச்சேன்.

பல்லுக்காரர் இந்த வாரம் உன்னைப் பாக்க வருவாரு. தலையை ஒழுங்கா வாரிக்கோ.

அத்தை

---

மார்ச் 6

என் அருமை அத்தை,

இப்போது நான் சொல்கிறேன்: உட்காருங்கள். கையில் கத்தரிக்கோல் இருந்தால் கீழே வையுங்கள்.

பல்லுக்காரர் நேற்று வந்தார். முன்பதிவு செய்துவிட்டு, சோதனைக்கு வருகிறவர் மாதிரி. எனக்கு யாரென்று தெரியவில்லை. அறையில் உட்கார வைத்துக் கருவியை மாட்டினேன். ஒலி அனுப்பினேன். எறும்பு நடக்கிற சத்தத்துக்குக்கூடக் கையைத் தூக்கினார். வெளியே வந்து, "உங்க காதுக்கு ஒரு குறையும் இல்லையே, எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

நெளிந்தார். "சித்தப்பாதான் அனுப்பினாரு. கிளினிக்குக்குள்ள எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. அதான் ஒரு நம்பர் போட்டுட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "இங்க பாருங்க, எனக்கு இப்போ கல்யாணத்துல விருப்பமில்லை" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "உங்களுக்கா? எனக்கு மே மாசம் கல்யாணங்க. பொண்ணு நர்ஸ். அழைப்பிதழே அச்சாகிட்டு இருக்கு!" என்று பதறிப்போய் எழுந்துவிட்டார்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "சித்தப்பா உங்க கல்யாணத்தைப் பத்தி எதுவும் சொன்னதில்லைங்க. அவரு பேசுறதெல்லாம் திரைச்சீலைக்கார அம்மாவைப் பத்தித்தான். அவங்களுக்கு உறவுன்னு இருக்கிறது மருமக ஒருத்திதான், அந்தப் பொண்ணுகிட்ட முறையா கேக்காம நான் அவங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னாரு. அதைக் கேக்கத்தான் என்னை அனுப்பினாரு."

அத்தை, உங்களைத்தான் கேட்கிறார். உங்களை!

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். மூன்று வருடத்துச் சிரிப்பு. அடுத்த சோதனைக்குக் காத்திருந்த பெரியவர் தன் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு என்னவென்று கேட்டார்.

உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே படியுங்கள். முப்பது வருடம் கண்ணாடி வெட்டுகிற மனிதருக்கு ஒரு முன்னறை ஜன்னலின் கண்ணாடி மூன்று தடவையா தவறும்? இல்லாத குமிழியை அவர் எங்கே கண்டார்? "வயசெல்லாம் ஒரு விஷயமே இல்லை" என்று முப்பத்தொரு வயதுக்காரியைப் பற்றி யாராவது சொல்வார்களா? ஊரில் எந்தப் புறா பறந்தாலும் அர்த்தம் சொல்கிற என் அத்தைக்கு, வாரத்துக்கு இரண்டு தடவை ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியது மட்டும் கேட்கவில்லை.

அவரிடம் சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கையைத் தூக்குங்கள் அத்தை. இந்தத் தடவை சத்தம் உண்மையாகவே வந்தது.

சந்தோஷத்தில் எழுத்து கோணலாகிறது,
உங்கள் மருமகள்

---

மார்ச் 12

உனக்குக் கொஞ்சம்கூட வெட்கமா இல்லையா?

எனக்கு ஐம்பத்துமூணு வயசு. முழங்கால் வலி. வாயில ரெண்டு பல்லு கட்டினது. இந்த வயசுல இது என்ன பேச்சு? அதுவும் என்னைக் கேக்காம சம்மதம்னு சொல்லி அனுப்ப நீ யாரு? ஜெபக்கூட்டத்துல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உட்காருவேன்? "மருமகளுக்கு மாப்பிள்ளை தேடுறேன்னு சொல்லிட்டு இவ தேடிக்கிட்டா"ன்னு சொல்ல மாட்டாங்களா?

அவரு நாலாவது கண்ணாடியோட வந்தாரு. நான் கதவை முழுசாத் திறக்கலை. "இனிமே வராதீங்க. என் மருமக விவரம் தெரியாம ஏதோ சொல்லிடுச்சு"ன்னேன். கண்ணாடியைச் சுவத்துல சாய்ச்சு வச்சு, மேல சாக்கைப் போட்டு மூடிட்டு, "காத்துல விழாம பாத்துக்குங்க, கையைக் கிழிச்சிடும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஜன்னலுக்கு நான் அட்டை ஒட்டிட்டேன். மஞ்சள் திரையையும் கழட்டிட்டேன்.

நீ புறாவைப் பத்திக் கேட்டே. சொல்றேன், கேளு.

என் மகனுக்கு ஆறு வயசு இருக்கும்போது அவங்கப்பாவைக் கர்த்தர் எடுத்துக்கிட்டாரு. அந்த வாரம்தான், "ஆண்டவரே, எனக்கு இதுக்கு மேல எதுவும் வேண்டாம், இப்படியே சந்தோஷமா வையும்"னு ஜெபிச்சிருந்தேன். அப்புறம் மகன். அவனுக்குக் கல்யாணம் ஆகி, நீ வந்து, சமையலறையில நாம மூணு பேரும் சிரிச்ச சிரிப்பைப் பாத்து, "எனக்கு எல்லாம் குடுத்துட்டீர்"னு நன்றி சொன்னேன். ஏழு மாசத்துல அவனும் போனான்.

அன்னைக்கிலிருந்து நான் எனக்காக எதையும் கேக்கிறதில்லை. மத்தவங்களுக்குக் கேப்பேன், அழுது கேப்பேன். எனக்குன்னு வாயைத் திறந்தா அவரு என்னைத் திரும்பிப் பாத்துடுவாரோன்னு பயம். பாத்தா இருக்கிறதையும் எடுத்துடுவாரு. இருக்கிறது நீ ஒருத்திதான்.

இதைப் போதகர்கிட்டகூடச் சொன்னதில்லை. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

---

மார்ச் 20

அத்தை,

எழுதாதே என்றீர்கள். எட்டு நாள் எழுதவில்லை. அதற்கு மேல் முடியவில்லை.

உங்களைக் கேட்காமல் சம்மதம் சொன்னது தப்பு. மன்னியுங்கள். சந்தோஷத்தில் வாய் முந்திவிட்டது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் கடிதத்தின் பின்பாதியை அந்த அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். கதவைச் சாத்தினால் அங்கே எந்தச் சத்தமும் இருக்காது. நம் மூச்சு மட்டும் நமக்குக் கேட்கும். நான்தான் கடவுளோடு பேச்சை நிறுத்தியவள், நீங்கள் மணிக்கணக்காக ஜெபிக்கிறவர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பார்த்தால் இரண்டு பேருமே அவரைப் பார்த்துப் பயந்து, ஆளுக்கொரு மூலையில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். நான் பேசாமல் ஒளிந்தேன். நீங்கள் எனக்காகப் பேசிப் பேசி, என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தீர்கள்.

நேற்று மூன்று வருடத்துக்குப் பிறகு வாய் திறந்தேன். அழகான ஜெபம் இல்லை, சண்டைதான். ஏன் எடுத்தீர் என்று கேட்டேன். பதில் வரவில்லை. உங்கள் மகன் இறந்தது நல்லதுக்குத்தான் என்று உங்கள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன். யார் சொன்னாலும் விடமாட்டேன். ஆனால் கத்தி முடித்து உட்கார்ந்திருந்தபோது, அந்த அறையில் நான் தனியாக இருந்த மாதிரி இல்லை. அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தண்டிக்கிறவர் பக்கத்தில் இருப்பதைப் போலவும் இல்லை. இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தவர் இருப்பதைப் போல இருந்தது.

அத்தை, கண்ணாடிக்காரரைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை, உங்களுக்கென்று, உங்கள் வாயால் ஒரு தடவை கேளுங்கள். அடையாளம் கேட்க வேண்டாம், கண்ணை மூடி விரல் வைக்க வேண்டாம். கேளுங்கள், அவ்வளவுதான். வேண்டாம் என்பதுதான் உங்கள் விருப்பமென்றால் அதையும் சொல்லுங்கள். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன்.

நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

உங்கள் மருமகள்

---

ஏப்ரல் 2

அத்தை,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. கடைக்கு அடித்தால், "அம்மா துணி வெட்டுறாங்க" என்கிறார்கள். எத்தனை நாளாகத்தான் துணி வெட்டுவீர்கள்? திங்கட்கிழமைக்குள் ஒரு வரி வராவிட்டால் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வருவேன்.

மருமகள்

---

ஏப்ரல் 5

என் கண்ணே, என் தங்கமே,

வராதே! அதாவது வா, ஆனா இப்ப வராதே. ஏன்னு சொல்றேன். மூச்சு வாங்குது, இரு, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

உன் கடிதம் வந்தன்னைக்கே படிச்சேன். ஒரு வாரம் கோபமா இருந்தேன், உன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சேன்னு எழுதிட்டியேன்னு. துணியா வெட்டித் தள்ளினேன். போன சனிக்கிழமை பத்து மணிக்குக் கடையில யாரும் இல்லை. வெட்டுற மேசை மேல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு, "ஆண்டவரே, எனக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வரலை. நாலு தடவை "எனக்கு"ன்னேன். உனக்காகக் கேக்கும்போது அருவி மாதிரி கொட்டுற வாய், அடைச்சுக்கிச்சு. கடைசியில, "எனக்குத் தனியா இருந்து சலிச்சுப் போச்சு. எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சிருக்கு. எனக்கு அவரு வேணும். ஆனா நீர் கோபப்படாதேயும்"னு கடகடன்னு சொல்லிட்டு, இடி விழப்போற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

ஒண்ணும் ஆகலை.

நீ அடையாளம் கேக்காதேன்னு சொல்லியும் மூணு நாள் பாத்தேன், மறைக்கலை. புறா வருதா, மழை வருதா, கனவு வருதான்னு. ஒரு காக்கா கூட வரலை. செவ்வாய்க்கிழமை எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. நான் பேசினதைக் கேட்டாரு. இடி விழலை. உனக்கும் ஒண்ணும் ஆகலை, விடாம கடைக்குப் போன் அடிக்கிற அளவுக்கு நல்லாத்தான் இருக்கே. இத்தனை வருஷமா நான் பயந்த ஆளு அங்க இல்லவே இல்லை! இது தெரிஞ்சதும், வந்து கூட்டிட்டுப் போக யாரையாவது அனுப்புவாருன்னு நான் எதுக்கு உக்காந்திருக்கணும்? கால் இருக்கே!

மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல அவரு கடைக்கு நடந்தே போனேன். நீ அந்தக் கடையைப் பாக்கணும். சுத்தி முகம் பாக்குற கண்ணாடியா நிறுத்தி வச்சிருக்காரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிக்கிறேன், இருபது பேரு, வேர்த்து வழிஞ்சுக்கிட்டு. ஓடிப்போயிடலாம்னு பாத்தா வாசல் எதுன்னே தெரியலை. அவரு மேசையில குனிஞ்சு வெட்டிக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் வெட்டுற முனை வழுக்கிடுச்சு. முப்பது வருஷத்துல முதல் தடவையாம், ஒரு முழுக் கண்ணாடி போச்சு.

"ஜன்னல்ல அட்டை ஒட்டியிருக்கேன். பாக்க நல்லா இல்லை. வந்து போட்டுக் குடுங்க"ன்னேன்.

"போட்டுடலாம்மா"ன்னாரு.

"அளவு சரியா இருக்குமா?"

அவரு வெட்டுற முனையை மேசையில வச்சாரு. "முதல் கண்ணாடியே சரியாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். ஆண்டவர் மன்னிக்கணும், நீங்களும் மன்னிக்கணும்."

"அது என் மருமகளுக்கே தெரியும்"னேன். சிரிச்சுட்டாரு. நானும் சிரிச்சேன். அந்த இருபது பேரும் சிரிச்சாங்க.

அப்புறம் உக்காந்து பேசினோம். கேட்டேன், "எட்டு வருஷமா சர்ச்சுக்கு வராதவரு எப்படி வந்தீங்க? உங்களுக்கு ஏதாவது அடையாளம் கிடைச்சுதா?"ன்னு. "அடையாளமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஜன்னல் உடைஞ்சுதுன்னு கூப்பிட்டாங்க, வந்தேன். ஏணி மேல நிக்கும்போது கீழ நீங்க பாடுறதைக் கேட்டேன். ஏழு கண்ணாடியும் போட்டு முடிச்ச பிறகும் இறங்க மனசில்லை. வேலைன்னு நினைச்சுத்தான் வந்தேன். கூட்டிட்டு வந்தது யாருன்னு இறங்கும்போதுதான் தெரிஞ்சுது"ன்னாரு.

நான் எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லிட்டேன். என் மகன் படம் சுவத்துலயே இருக்கும். கடையை விட மாட்டேன். என் மருமக எனக்கு மகள், அவ எப்ப வந்தாலும் அது அவ வீடு. அவரு ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிட்டு, "உங்க மகனைப் பத்தி எனக்குச் சொல்லுங்க"ன்னாரு. மூணு வருஷமா யாரும் என்கிட்ட அதைக் கேக்கலைடி. எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க, கேக்கலை. சாயங்காலம் வரைக்கும் சொன்னேன்.

போதகர்கிட்ட ரெண்டு பேரும் போனோம். ஜெபக்கூட்டத்துல பயந்து பயந்து சொன்னேன். தலைவி அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "எங்களுக்கு பிப்ரவரியிலயே தெரியும். நீ எப்பத்தான் கண்டுபிடிப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்தோம்"னுட்டாங்க! ஒருத்தி கூட வாய் விடலை பாரு, அதுதான் உண்மையிலேயே அதிசயம்!

இந்த மாசம் இருபத்தஞ்சு, சனிக்கிழமை, காலையில பத்து மணிக்கு. நாலே வரிசை ஆளு, பெரிசா ஒண்ணும் இல்லை. அதுக்கு வா. இப்பவே வந்தா லீவு வீணாயிடும்.

ஒரே ஒரு சிக்கல். போதகர் பதிவேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, "பெண் வீட்டார் பக்கம் யாரு நிப்பாங்க? கூட்டிட்டு வந்து கையைப் பிடிச்சுக் குடுக்கணுமே"ன்னாரு. எனக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவங்க இல்லை. அடுத்த வாரம் சொல்றேன்னு வந்துட்டேன்.

உன்
அத்தை

---

ஏப்ரல் 10

மணப்பெண்ணுக்கு,

கடிதத்தைக் கிளினிக்கில் சத்தம் போட்டே படித்தேன். டாக்டரம்மா அழுதுவிட்டார். காது கேட்காத இரண்டு பேர் என்ன விஷயம் என்று கேட்டு, நான் எழுதிக் காட்டி, அவர்களும் கைதட்டினார்கள். பல்லுக்காரருக்குப் போன் செய்தேன். அவருக்கு முன்பே தெரியும், சித்தப்பா ஒரே நாளில் ஆறு தடவை அழைத்தாராம்.

எனக்கு மாப்பிள்ளை தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இனிமேல் எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கொள்கிறேன். கடவுளோடு பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியிருக்கிறது. தினமும் மதியம், கால் மணி நேரம். சில நாள் இன்னும் சண்டைதான். நேற்று முதல் தடவையாக நன்றி சொன்னேன். எதற்கென்று சொன்னால் நீங்கள் அழுவீர்கள், வேண்டாம்.

பதிவேட்டு விஷயத்துக்கு ஒரு வாரம் ஏன் யோசிக்கிறீர்கள்? என்னை ஒரு வார்த்தை கேட்டால் ஆகாதா? போதகரிடம் போய் என் பேரைச் சொல்லுங்கள். உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தால், மகள் என்று எழுதச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் பெண் வீட்டார் வந்து இறங்குகிறார்கள். ஒரே ஆள்தான். ஆனால் பெண் வீட்டார் என்றால் சும்மா இல்லை. மாப்பிள்ளையைக் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் வந்து உட்காரச் சொல்லுங்கள். எங்கள் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் நான் அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும்.